மாயை அருங்காட்சியகத்தில் ஏமாறுவது கண்ணின் குறையா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். காட்சி மாயை அருங்காட்சியகத்துக்கு மறுபடியும் குடும்பத்தோடு போகலாமா, அது வெறும் புகைப்படம் எடுக்கும் இடம்தானா என்பது முதல் கேள்வி. போன முறை சுழலும் சுரங்கத்தில் உங்கள் அம்மா தடுமாறி விழப்பார்த்தது ஏன் என்பது இரண்டாவது. எல்லோருக்கும் தெரிந்த சில படங்கள் உங்கள் அப்பாவுக்கு மட்டும் கடைசிவரை தெரியாமல் போனது ஏன் என்பது மூன்றாவது. இம்முறை ஆறு வயது மகளும் உடன் வருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கவலை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஏமாந்தவருக்குப் பார்வையில் குறையா, அல்லது ஏமாறாதவருக்குக் குறையா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஏன் 'பெரும்பாலும்' என்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பார்வையும் புலனுணர்வும் குறித்துப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். இப்படிப்பட்ட காட்சிப்பொருள்களை அமைப்பவர்களோடு வேலை செய்தும் இருக்கிறேன். கண் மருத்துவம் என் தொழில் அல்ல. ஆகவே உங்கள் பெற்றோரின் உடல்நிலையைப் பற்றி எழுத்தில் படித்துவிட்டு முடிவு சொல்ல மாட்டேன். எதைக் கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த அருங்காட்சியகங்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு வகை வித்தைகளைக் காட்டுகிறார்கள். ஒரு வகை, ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் ஒற்றைக் கண்ணுக்காகக் கட்டப்பட்டது. அந்த இடத்தை விட்டு ஓர் அடி நகர்ந்தால் உடைந்துவிடும். இன்னொரு வகை, எங்கே நின்று பார்த்தாலும், ரகசியம் தெரிந்த பிறகும், உடையாமல் நிற்பது. எது உடைகிறது, எது உடையவில்லை என்று ஒவ்வொன்றிடமும் போய்ச் சோதித்துப் பாருங்கள். அதற்காகத்தான் அங்கே போக வேண்டும் என்பேன். அப்படிச் சோதிக்காமல் வருபவர்களுக்கு அது உண்மையிலேயே புகைப்படம் எடுக்கும் இடமாகவே முடிந்துவிடுகிறது.

முதல் வகைக்கு நல்ல உதாரணம், ஒரு மூலையில் நிற்பவர் ராட்சதராகவும் மறு மூலையில் நிற்பவர் குள்ளராகவும் தெரியும் அறை. கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் அது இருக்கிறது. ஓவியராக இருந்து பார்வை ஆராய்ச்சிக்கு வந்த அமெரிக்கர் அடெல்பர்ட் ஏம்ஸ் கட்டிக் காட்டியது அது. இன்றைக்கும் ஏம்ஸ் அறை என்றே அழைக்கிறார்கள். அறையின் பின்சுவர் நேராகப் போகாமல் சாய்ந்து போகிறது. ஒரு மூலை மற்றதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும். அந்தத் தூர மூலையை நோக்கித் தரை கீழே சரிகிறது, கூரை மேலே ஏறுகிறது. ஜன்னல்கள்கூடச் சதுரமானவை அல்ல, கோணலாக வெட்டப்பட்டவை. பார்ப்பதற்கென்று விட்ட ஒற்றைத் துளை வழியே பார்க்கும்போது மட்டும் இந்தக் கோணல்கள் எல்லாம் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. விழித்திரையில் விழும் பிம்பம் சாதாரணச் செவ்வக அறை ஒன்றின் பிம்பமாகவே இருக்கும். அறை கோணலா, அல்லது ஆட்களின் உயரம் மாறிவிட்டதா என்று மூளை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வாழ்நாள் முழுவதும் செவ்வக அறைகளுக்குள்ளேயே புழங்கிய மூளை அறையை நம்புகிறது, ஆட்களைச் சுருக்கிவிடுகிறது. உங்கள் மகளை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடக்கச் சொல்லுங்கள். நடக்க நடக்க அவள் வளர்வதை நீங்கள் பார்ப்பீர்கள். சொந்த மகளின் உயரம் தெரிந்திருந்தும் அது நடக்கும்.

அதே அறையில் இன்னும் ஒன்றைச் செய்து பாருங்கள். பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. துளையை விட்டு விலகி, இரண்டு கண்களையும் திறந்து, பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், ஒவ்வொன்றும் சற்று வேறுபட்ட பிம்பத்தைப் பெறுகிறது. அந்த வேறுபாட்டிலிருந்து தூரத்தை அறிவது மூளைக்குக் கைவந்த கலை. தலையை அசைத்தாலும் அதே தகவல் கிடைக்கும்: பக்கத்தில் உள்ளவை வேகமாக நகரும், தூரத்தில் உள்ளவை மெதுவாக நகரும். இவ்விரண்டும் சேர்ந்தால் மாயை தாக்குப்பிடிக்காது. கேமராவுக்கு ஒரே ஒரு கண்தான், அதுவும் அசையாத கண். ஆகவேதான் அங்கே எடுத்த புகைப்படம் நேரில் பார்த்ததைவிட நம்பும்படியாக இருக்கிறது. புகைப்படத்துக்காக ஓடுபவர்களை நான் குறை சொல்வதில்லை. அந்த வகை வித்தைகளை முழுமையாகக் காண வேண்டுமானால் கேமராவின் இடத்தில் நின்றுதான் காண வேண்டும். ஒரே நாற்காலியில் பொம்மை அளவில் ஒருவர் உட்கார்ந்திருப்பதும், தரையில் வரைந்த பள்ளத்தின் விளிம்பில் தொங்குவதும், கதவுச் சட்டத்திலிருந்து விலங்கு பாய்ந்து வருவதும் இந்த இனம்தான். நாற்காலியின் கால்கள் முன்னாலும் இருக்கைப் பலகை வெகு பின்னாலும் தனித்தனியாக இருப்பதைச் சுற்றி வந்து பார்த்தால் தெரியும்.

தரையில் பாதங்களை வரைந்து 'இங்கே நிற்கவும்' என்று எழுதியிருப்பார்கள் அல்லவா, அது நேற்று வந்த பழக்கம் அல்ல. ரோம் நகரின் சான்ட் இக்னாசியோ தேவாலயத்தில் ஆண்ட்ரியா பொட்சோ 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், இல்லாத குவிமாடத்தை இருப்பதுபோல் கூரையில் வரைந்துவைத்தார். அங்கும் எங்கே நின்றால் ஓவியம் கட்டடமாகத் தெரியுமோ அந்த இடத்தைக் காட்டத் தரையில் பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள். அந்த வட்டத்தை விட்டு நகர நகரக் குவிமாடம் சரிந்துவிடும்.

இப்போது இரண்டாவது வகைக்கு வருகிறேன். என்னைப் பல ஆண்டுகளாகப் பிடித்துவைத்திருப்பது இதுதான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் 1995இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படம் உங்கள் அருங்காட்சியகத்திலும் சுவரில் எங்காவது தொங்கும். ஒரு பச்சை உருளை பலகையின் மேல் நிழல் வீழ்த்துகிறது. நிழலுக்கு வெளியே உள்ள கறுப்புக் கட்டமும், நிழலுக்குள் உள்ள வெள்ளைக் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறம். யாரும் முதலில் நம்புவதில்லை. காகிதத்தில் இரண்டு துளைகள் போட்டு மற்ற பகுதியை மறைத்துப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். காகிதத்தை எடுத்ததும் மறுபடியும் வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் மாறிவிடும். நிரூபித்துக் காட்டிய பிறகும் மாயை ஓர் இழைகூடத் தளர்வதில்லை.

இதன் அருகே 'உங்கள் கண்கள் பொய் சொல்கின்றன' என்று பலகை எழுதிவைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவை அளந்து சொல்வது பார்வையின் வேலை அல்ல. அது ஒளிமானியின் வேலை. நமக்குத் தெரிய வேண்டியது அந்தப் பொருளின் உண்மையான நிறம். நிழலில் கிடக்கும் வெள்ளைத் துணியிலிருந்து வரும் வெளிச்சம், வெயிலில் கிடக்கும் கரியிலிருந்து வருவதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆனாலும் துணியைத் துணியாகவும் கரியைக் கரியாகவும் தவறாமல் அறிகிறோம். நிழலைக் கண்டுபிடித்து, அதன் பங்கைக் கழித்து, மிச்சத்தை நமக்குக் கொடுக்கும் அந்தக் கணக்கை மூளை நொடிக்கு நொடி செய்துகொண்டே இருக்கிறது. அடெல்சன் படத்தில் நடப்பதும் அதே சரியான கணக்குதான். தாளில் வரைந்த நிழலும் நிழல்தான் என்று மூளை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. இதில் ஏமாறுவது ஆரோக்கியமான பார்வையின் அடையாளம்.

இரண்டு வகைக்கும் நடுவே நிற்கும் குழிந்த முகமூடியை இன்னும் நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். முகமூடியின் உட்புறத்தை நம் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். சற்றுத் தள்ளி நின்றால் அது குழிந்திருப்பது தெரியாது. புடைத்த முகமாகவே தெரியும். நீங்கள் நடந்தால் அது உங்களையே பார்த்துத் திரும்புவதுபோல் இருக்கும். முகங்கள் புடைத்தே இருக்கும், வெளிச்சம் மேலிருந்தே வரும் என்ற இரு ஊகங்கள் மூளையில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கின்றன. அருகே போகப் போக இரு கண்களின் சாட்சி வலுப்பெற்று, ஓர் இடத்தில் முகம் சட்டென்று குழியாக மாறும். பின்னால் வந்தால் மறுபடியும் புடைக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு போனால் அந்த மாற்றம் நடக்கும் இடம் முகமூடிக்கு இன்னும் நெருங்கிவிடும். ஊகத்துக்கும் சாட்சிக்கும் நடக்கும் இழுபறியை இவ்வளவு தெளிவாக, நம் சொந்தக் கால்களாலேயே அளந்து பார்க்க வாய்ப்புத் தரும் காட்சிப்பொருள் வேறு இல்லை. ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் இந்த முகமூடியில் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏமாறுகிறார்கள் என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வும் வேறு சில ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஏமாறாமல் இருப்பது கூர்மையின் அடையாளம் என்ற எண்ணத்துக்கு அதுவே பதில். ஆனால் இதை வைத்து யாரையும் சோதித்துப் பார்க்கக் கூடாது. வெளிச்சம், தூரம், ஒரு கண்ணின் பலவீனம் என்று பல காரணங்களால் ஒருவருக்கு முகம் குழியாகவே தெரியலாம்.

அம்மா தடுமாறியதற்கு வருகிறேன். சுழலும் சுரங்கத்தில் நீங்கள் நடக்கும் பாலம் அசைவதே இல்லை. சுற்றியுள்ள உருளை மட்டும்தான் சுழல்கிறது. நின்றிருக்கும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரயில் நகர்ந்தால், நாமே நகர்வதாகத் தோன்றும் அல்லவா, அதே நிகழ்வுதான் இது. எர்ன்ஸ்ட் மாக் 1875இலேயே இதைப் பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறார். பார்வைப் புலத்தின் ஓரங்கள் முழுவதும் ஒரே திசையில் நகர்ந்தால், உலகம் நகர்வதில்லை, நான்தான் நகர்கிறேன் என்று மூளை முடிவு செய்கிறது. வெளியுலகில் அந்த முடிவு ஏறக்குறைய எப்போதும் சரி. அதே நேரத்தில் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களும், புவியீர்ப்பை உணரும் சிறு பைகளும், நீ நேராகத்தான் நிற்கிறாய் என்கின்றன. பாதங்களும் கணுக்கால் மூட்டுகளும் அதையே சொல்கின்றன. கண் ஒரு பக்கம், மற்ற எல்லாம் மறுபக்கம். பெரும்பாலோரிடம் சில கணங்கள் கண் ஜெயித்துவிடுகிறது. சாயாத உடலை நிமிர்த்தப் போய், உருளை சுழலும் திசையிலேயே உடல் சாய்கிறது.

வயது ஏற ஏற உட்செவியின் உணர்வும் பாதங்களின் உணர்வும் மங்குகின்றன. சமநிலைக்குக் கண்ணையே அதிகம் நம்ப வேண்டியதாகிறது. ஆகவே அதே சுரங்கம் உங்களை லேசாக ஆட்டும், அவரை விழவைக்கப் பார்க்கும். இதைத் தனியாக ஒரு நோய் என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் வீட்டிலும் இருட்டில் நடக்கும்போதோ, படுக்கையிலிருந்து எழும்போதோ, தலையைத் திருப்பும்போதோ அவருக்குத் தலைச்சுற்றலோ தடுமாற்றமோ வருகிறதா என்று கேளுங்கள். வருகிறது என்றால் அதற்கும் அருங்காட்சியகத்துக்கும் சம்பந்தம் இல்லை; மருத்துவரிடம் காட்ட வேண்டும். சமீபத்தில் காது நோய், ஒற்றைத் தலைவலி, தலைச்சுற்றல் இருந்தவர்கள் அந்தச் சுரங்கத்தையும், தரை சாய்ந்த அறையையும் தவிர்ப்பதே நல்லது. பக்கத்தில் வேறு வழி இருக்கும். ஊழியரைக் கேட்டால் காட்டுவார்.

போயே ஆக வேண்டும் என்று அவர் விரும்பினால், இரு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உருளையைப் பார்க்காமல் கைப்பிடியையோ பாலத்தின் முடிவில் தெரியும் வாசலையோ பார்த்து நடக்கச் சொல்லுங்கள். ஓரப் பார்வையால்தான் இந்த மயக்கம் வலுப்பெறுகிறது. அசையாத ஒன்றில் பார்வையை நிறுத்தினால் வேகம் தணியும். நீங்கள் நடுவில் நின்று கண்களை மூடிப் பாருங்கள், சற்று நேரத்தில் சுழற்சி நின்றுவிடும். இதை அம்மாவுக்குச் சொல்லமாட்டேன். பாத உணர்வு குறைந்தவர்களுக்குக் கண்ணை மூடி நிற்பதே தனித் தடுமாற்றம்.

அப்பாவுக்குத் தெரியாமல் போன படங்கள் எவை என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதைப் பொறுத்துத்தான் பதில். புள்ளிகளோ குழப்பமான வண்ணக் கோலமோ நிறைந்த படத்தை வெகு நேரம் பார்த்தால் உள்ளிருந்து ஒரு வடிவம் எழுந்து வரும் வகையா? அப்படியென்றால் காரணம் ஏறக்குறைய தெளிவானது. பேலா யூலெஷ் என்ற ஆராய்ச்சியாளர் 1960இல், எந்த உருவமும் இல்லாத இரண்டு புள்ளிப் படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டி, இரண்டும் சேரும்போது மட்டும் ஒரு வடிவம் ஆழத்தில் எழுவதை மெய்ப்பித்தார். 1979இல் கிறிஸ்டஃபர் டைலர் அதை ஒரே படத்துக்குள் அடக்கினார். இரு கண்களும் ஒத்துழைத்தால்தான் அந்த வடிவம் உண்டு. சிறுவயதிலிருந்து ஒரு கண் மாறுகண்ணாக இருந்தவர்களுக்கும், 'சோம்பல் கண்' என்று சொல்லப்படும் பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் புரை முற்றியவர்களுக்கும் அது பெரும்பாலும் எழுந்து வராது. ஆனால் நல்ல இரு கண்கள் உள்ள பலருக்கும் அது வருவதில்லை; கண்களைப் படத்துக்குப் பின்னால் குவிக்கும் பழக்கம் கைவராததே அவர்களுக்குக் காரணம். ஆகவே அந்த ஒரே படத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. சிவப்பு-பச்சைக் கண்ணாடியோ முப்பரிமாணக் கண்ணாடியோ போட்டுப் பார்க்கும் படங்களிலும் அவருக்கு ஆழம் தெரியவில்லை என்றால், ஒவ்வொரு கண்ணையும் தனியே மூடி மற்றதால் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் கணிசமான வேறுபாடு இருந்தால் கண் பரிசோதனை அவசியம்.

அசையாத படம் அசைவதுபோல் தெரியும் வகை என்றால் கவலைக்கு இடமே இல்லை. அகியோஷி கிடாவோகா 2003இல் வரைந்த சுழலும் பாம்புகள் அந்த வகையில் புகழ்பெற்றவை. இளையவர்களில் பலருக்கு அவை நிற்காமல் சுழல்கின்றன. வயதானவர்களுக்குக் குறைவாகவே சுழல்கின்றன. சிலருக்குச் சுழல்வதே இல்லை. கண்கள் ஓயாமல் செய்யும் சிறு அசைவுகளும், வெளிச்சம் விழித்திரையை எட்டும் விதமும் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. 2015இல் ஒரே உடை சிலருக்கு நீலம்-கறுப்பாகவும் சிலருக்கு வெள்ளை-பொன்னிறமாகவும் தெரிந்து உலகமே வாதிட்டது நினைவிருக்கும். ஆரோக்கியமான கண்கள் அவ்வளவு தூரம் வேறுபடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அருங்காட்சியகச் சுவரில் நேர்கோடு வளைந்து தெரிந்தால் அது மாயை. வீட்டுக்கு வந்த பிறகும் கதவுச் சட்டமோ ஜன்னல் கம்பியோ தினசரியின் வரிகளோ ஒரு கண்ணில் நெளிந்து தெரிந்தால், அது விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு இருப்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

சுவரில் எழுதியிருக்கும் விளக்கங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாயை நடக்கிறது என்பது நிச்சயம். ஏன் நடக்கிறது என்று பலகையில் எழுதியிருப்பது பல இடங்களில் அவ்வளவு நிச்சயம் இல்லை. கறுப்புச் சதுரங்களுக்கு இடையே வெள்ளைக் கோடுகள் சந்திக்கும் இடங்களில் சாம்பல் புள்ளிகள் மின்னும் படத்தை லூடிமார் ஹெர்மான் 1870இல் விவரித்தார். விழித்திரையில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று அடக்குவதால் அப்படித் தெரிகிறது என்று 1960இல் வந்த விளக்கம்தான் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. ஆனால் கோடுகளை நேராக இழுக்காமல் லேசாக நெளியவிட்டால் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன என்று 2008இல் காட்டினார்கள். அந்தப் பழைய விளக்கத்தின்படி அவை மறையக் கூடாது. செல்கள் ஒன்றையொன்று அடக்குவது உண்மை. இந்தப் புள்ளிகளுக்கு அது போதுமான காரணமா என்பதுதான் சந்தேகம்.

முனைகளில் அம்புக்குறிகள் வரைந்த இரண்டு சம நீளக் கோடுகள் வேறு வேறு நீளமாகத் தெரியும் முல்லர்-லையர் மாயை 1889இல் வெளிவந்தது. அதைப் பற்றிய விவாதம் இன்னும் சுவையானது. ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் ரிவர்ஸ், 1901-02இல் நீலகிரியில் தோடர்களிடையே தங்கியிருந்தபோது இந்தக் கோடுகளை அவர்களிடம் காட்டிச் சோதித்தார். ஆங்கிலேயர்களைவிடத் தோடர்கள் இதில் குறைவாக ஏமாந்தார்கள்; செங்குத்துக் கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தெரியும் மாயையில் அதிகமாக ஏமாந்தார்கள். 1966இல் வெளியான பல நாட்டு ஒப்பீடும் சமூகத்துக்குச் சமூகம் பெரும் வேறுபாடுகளைக் காட்டியது. செவ்வக வீடுகளும் நேர் மூலைகளும் சூழ வளர்ந்தவர்களே இதில் அதிகம் ஏமாறுகிறார்கள், அது பழக்கத்தால் வருவது என்ற கருத்து பரவியது. பிறகு 2015இல், பார்வையற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்து அவர்களின் பார்வையை ஆராயும் பிரகாஷ் திட்டத்தின் ஆய்வு வந்தது. பிறவிக் கண்புரையால் பார்வையின்றி வளர்ந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் முதன்முறையாகப் பார்வை பெற்ற இந்தியக் குழந்தைகளிடம் இதே கோடுகளைக் காட்டினார்கள். கட்டு அவிழ்த்த சில நாட்களுக்குள்ளேயே, பார்த்துப் பழக வழியே இல்லாத நிலையில், அவர்களும் ஏமாந்தார்கள். பழக்கமே காரணம் என்ற கருத்து அத்தோடு ஆட்டம் கண்டது. பழக்கத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இதை எழுதும் இன்றைய நிலையில் விவாதம் தீரவில்லை. பலகையில் ஒரே வரியில் 'இதற்குக் காரணம் இதுதான்' என்று இருந்தால், அதற்குப் பாதி மதிப்பு கொடுங்கள்.

மகளை அழைத்துப் போவது பற்றி. ஆறு வயதுக் குழந்தை உங்களுக்குத் தெரிவதையே காண வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில மாயைகள் சிறு குழந்தைகளிடம் வலுக் குறைவாகவே இருக்கின்றன என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில மறுக்கின்றன. 'என்ன தெரிகிறது?' என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லும் வரை உங்கள் விடையைச் சொல்லாதீர்கள். கண்ணாடிகள் உள்ள பகுதியில் அவளை அதிக நேரம் விடுங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மேசை போட்டு, ஒரே ஆளைப் பலராகக் காட்டும் இடம் ஒன்று இருக்கும். உங்களையும் சேர்த்து ஆறு பேர் தெரிந்தால் கண்ணாடிகளுக்கு இடையே 60 பாகைக் கோணம், எட்டு பேர் என்றால் 45 பாகை. 360ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். டேவிட் ப்ரூஸ்டர் 1816இல் கண்டுபிடித்த கலைடாஸ்கோப்பிலும் இதே கணக்குதான். வலது கையை உயர்த்தச் சொல்லுங்கள். அடுத்தடுத்த பிம்பங்களில் ஒருவர் கண்ணாடியில் பார்ப்பதுபோலவும், அதற்கடுத்தவர் எதிரே நிற்கும் மனிதரைப்போலவும் கை தூக்குவார்கள். எதிரெதிர்க் கண்ணாடிகள் உள்ள முடிவில்லாத் தாழ்வாரத்தில் தூரத்தில் போகப் போகப் பிம்பங்கள் பச்சையாக மாறுவதைக் காட்டுங்கள். கண்ணாடியில் ஒளி ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் கொஞ்சம் வெளிச்சம் போய்விடுகிறது. பச்சை மிகக் குறைவாகப் போவதால் கடைசியில் அதுவே மிஞ்சுகிறது. எண்ணவும் கேட்கவும் இடம் தரும் இப்படிப்பட்ட பொருள்களே குழந்தைகளுக்கு ஏற்றவை. பார்ப்பவரே தொட்டு, நகர்த்தி, உடைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஃப்ராங்க் ஆப்பன்ஹைமர் 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியத்தைத் தொடங்கினார். நீங்கள் போகும் இடம் அந்த வழியில் வந்ததா என்று அறிய, அறைகளின் பின்பக்கத்தைப் பார்க்க வழி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சட்டம் போட்டு மூடிவைத்து, படம் எடுத்ததும் நகரச் சொல்கிறார்கள் என்றால், அங்கே இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

சில நடைமுறைக் குறிப்புகள். கூட்டம் குறைந்த வேளையில் போங்கள். வரிசை தள்ளிக்கொண்டிருந்தால் குறித்த இடத்தை விட்டு நகர்ந்து சோதிக்க முடியாது. அப்பா வழக்கமாகப் போடும் கண்ணாடியை மறக்காமல் கொண்டுவரட்டும். அம்மாவுக்குத் தட்டையான செருப்பு இருக்கட்டும். சுழல் சுரங்கத்தையும் சாய்ந்த அறையையும் அடுத்தடுத்துப் பார்க்காமல் நடுவில் உட்கார்ந்து ஓய்வெடுக்க நேரம் விடுங்கள். குமட்டல் தொடங்கினால் பொறுத்துக்கொள்ள முயலாமல் வெளியே வந்து தூரத்தில் அசையாத ஒன்றைப் பாருங்கள். மயக்கம் தணியச் சில நிமிடங்கள் பிடிக்கும். குடும்பத்தில் யாருக்கேனும் வலிப்பு நோய் இருந்தால், உள்ளே நுழையும் முன்பே மின்னும் விளக்குகள் எந்த அறைகளில் இருக்கின்றன என்று ஊழியர்களிடம் கேட்டுவிடுங்கள். சிலருக்கு மின்னும் ஒளியும், அடர்ந்த கறுப்பு வெள்ளைக் கோடுகளும்கூட வலிப்பைத் தூண்டக்கூடும். எதிர்பாராமல் அப்படி ஓர் அறைக்குள் போய்விட்டால் இரு கண்களையும் மூடுவது மட்டும் போதாது. ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதுமாக மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, வெளியே வந்துவிட வேண்டும். அப்பா எந்தப் படங்களைக் காணவில்லை என்று இந்த முறை குறித்துக்கொண்டு வந்து எழுதினால், அவை ஒவ்வொன்றுக்கும் எது தேவைப்படுகிறது, இரு கண்களா, நிறப் பார்வையா, வெறும் பொறுமையா என்று பிரித்துச் சொல்கிறேன்.